படமாகப் போடாதீர்கள், எழுத்தாகப் போடுங்கள்: மின்னணு அணுகல் குறித்து வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வலக்கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும், இடக்கண்ணில் அதுவும் இல்லை. திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானைக் காதில் மாட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், பேரணாம்பட்டு என்று பழைய வட ஆற்காட்டின் பல ஊர்களிலிருந்தும் நண்பர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் சட்டமும் இருக்கும், என் எரிச்சலும் கொஞ்சம் இருக்கும்.

அரசு இணையதளத்தை என் திரைவாசிப்பானால் படிக்க முடியவில்லை. இது வெறும் சிரமமா, சட்டமீறலா?

சட்டமீறல். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்பது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 42-ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு வடிவங்களில் வரும் உள்ளடக்கமெல்லாம் நம்மால் அணுகக்கூடிய வகையில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2017-இல் வந்த மத்திய விதிகளில் 15-ஆம் விதி, இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதலின்படி தளங்கள் இருக்க வேண்டும், ஆவணங்கள் இ-பப் என்ற மின்னூல் வடிவிலோ, எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) மூலம் படிக்கத்தக்க பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்று சொன்னது. 2023-இல் மின்னணு அணுகலுக்கான ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தர நிர்ணயமும் விதிகளில் சேர்ந்தது.

இப்போது யாராவது ஓர் அலுவலர், "அந்த 15-ஆம் விதியைத்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே" என்று உங்களிடம் சொல்லக்கூடும். என்னிடம் சொன்னார்கள். பாதி உண்மை. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று நீதிமன்றம் அந்த விதியின் முதல் உட்பிரிவு செல்லாது என்றது. காரணத்தைக் கேட்டால் அவருக்குத்தான் வாயடைத்துப் போகும்: சட்டம் கட்டாயம் என்று சொல்வதை விதி வெறும் பரிந்துரையாக நீர்த்துப்போகச் செய்துவிட்டது என்பதுதான் காரணம். கட்டாயமான விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள். கடிவாளத்தை இறுக்கியதை அவிழ்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

இவை எல்லாம் மத்தியச் சட்டம். மாநில அரசுக்கு இதில் என்ன பங்கு?

பெரும்பங்கு. மாற்றுத்திறனாளிகளுக்கான நிவாரணம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 9-ஆவது இனமாகவே இருக்கிறது. இந்தியா 2007-இல் ஏற்ற, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காகத்தான் நாடாளுமன்றம் 2016-இல் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டமும் நடைமுறைப் பொறுப்பில் கணிசமானதை மாநிலத்தின் தலையில்தான் வைக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரை நியமிப்பது மாநில அரசு. தமிழ்நாடு தனக்கான விதிகளை 2018-இல் வெளியிட்டது. நிலம், வரி, சான்றிதழ், ரேஷன், மின்கட்டணம் என்று நாம் தினமும் முட்டிக்கொள்ளும் தளங்களெல்லாம் சென்னையிலிருந்து நடத்தப்படுபவை. டெல்லியைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்தால் வேலை நடக்காது.

தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2010-இல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, அரசின் தமிழ் எழுத்துக் குறியீடாக ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்று ஆணை பிறந்தது. அதை யாரும் மாற்றுத்திறனாளிகள் நலத்திட்டமாக நினைத்திருக்க மாட்டார்கள். பார்வையற்ற தமிழனுக்கு அந்த ஆணையைவிட நெருக்கமான ஆணை வேறில்லை என்பேன். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஒரு சுற்றறிக்கையைத் திறந்தால் திரைவாசிப்பான் "ஜே, கே, பி, ஓ" என்று படிக்கிறது. என் கணினி கெட்டுவிட்டதா?

கணினி நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கோப்பில் தமிழே இல்லை.

பழைய எழுத்துருக்களின் சூது இது. பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று தட்டச்சு செய்தால், கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். கண்ணால் பார்ப்பவர்களுக்குப் போர்வை தெரியும். எனக்கு உள்ளே இருப்பதுதான் கேட்கும். "அரசு" என்ற சொல் எம், யு, ஆர் என்று பதிவாகியிருக்கும். திரைவாசிப்பான் அதை "மர்" என்று உறுமும். ஒருமுறை ஒரு பக்கம் முழுக்க இந்த உறுமலைக் கேட்டுவிட்டு, அது ஏல அறிவிப்பா, இரங்கல் செய்தியா என்று தெரியாமலே மூடினேன். வானவில் போன்ற மற்றப் பழைய எழுத்துருக்களிலும் இதே கதைதான், குறியீடுகள் மட்டும் சற்று மாறும். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்கச் சொந்தமான ஓர் எண் இருக்கிறது. த என்றால் எங்கும் த.

ஒரு கோப்பு எந்த ரகம் என்று கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். கோப்பில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிப் பாருங்கள். தமிழாக வந்து விழுந்தால் ஒருங்குறி, கவலை இல்லை. ஆங்கில எழுத்துகளும் கொம்பும் குறியுமாக வந்தால் பழைய எழுத்துரு. தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிட்டது உட்பட ஒருங்குறி மாற்றிகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றில் ஒட்டினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். அதுதான் மோசமான ரகம். எழுத்துணரிச் செயலிகள் தெளிவான அச்சைப் படித்துவிடும். ஆனால் மூன்று தடவை ஜெராக்ஸ் எடுத்து, கோணலாக ஸ்கேன் செய்து, பச்சை மையில் கையெழுத்தும் முத்திரையும் எழுத்தின் மேலேயே விழுந்த கடிதத்தை எந்தச் செயலியும் ஒழுங்காகப் படிக்காது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் யாரோ கணினியில்தான் தட்டச்சு செய்திருக்கிறார். எழுத்தாக இருந்ததை அச்சடித்து, கையெழுத்து வாங்கி, படமாக்கி ஏற்றுகிறார்கள். கையெழுத்திட்ட படத்தோடு, தட்டச்சு செய்த மூலக் கோப்பையும் சேர்த்து ஏற்ற ஒரு நிமிடம் போதும்.

இயந்திரமல்ல, மனிதர்தான் என்று காட்ட நிரப்பச் சொல்லும் கேப்ட்சா படத்தைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது.

கேப்ட்சாவுக்கு ஒலி வடிவமோ வேறு மாற்று வழியோ இருக்க வேண்டும். அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுதலின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. அது டபிள்யுசிஏஜி 2.1 என்ற உலகத் தரத்தின் "ஏஏ" நிலையை அளவுகோலாக வைத்திருக்கிறது. அந்த அளவுகோலின்படி படம் மட்டுமே உள்ள கேப்ட்சா தோல்விதான். ஒலிக் குறியை அழுத்தினால் கொரகொரவென்று வேகமாக ஆங்கில எண்களைச் சொல்லும் தளங்களும் உண்டு, அதுவும் புகாருக்குரியதே. பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துக் கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் அடுத்த திரையில் வரும் ஓடிபி-யையும் அவனே பார்க்கிறான் என்பதை நினைவில் வையுங்கள்.

விரல்ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

வேலூரில் இந்தக் கேள்விக்குத் தனி வரலாறு இருக்கிறது. காட்பாடிக்கு அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1950-களிலிருந்து இயங்குகிறது. தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை மருத்துவர் பால் பிராண்ட் வளர்த்தெடுத்தது நம் ஊர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியான சிஎம்சி-யில்தான். குணமானவர்கள் பலர் சுற்றுவட்டாரத்திலேயே குடியிருக்கிறார்கள். 2016 சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களும் ஒரு வகை.

அப்படி ஒரு பெரியவருடன் ஒரு ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். கருவி "பீப்" என்று முனகியது. ஊழியர் "துடைத்துவிட்டு வையுங்கள் ஐயா" என்றார். பெரியவர் வேட்டி நுனியில் துடைத்தார், வைத்தார், மறுபடி முனகல். ஐந்தாவது முறை அவர் மெதுவாகச் சொன்னார்: "துடைக்க அதில் ரேகை இருந்தால்தானே தம்பி." ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் மாற்று வழியைச் சொல்லித் தரவில்லை. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆண்டுக்கணக்கில் பீடி சுற்றித் தேய்ந்த விரல்களுக்கும் இதே பாடுதான், அவர்களிடம் மாற்றுத்திறனாளி அட்டைகூட இருக்காது.

மாற்று வழிகள் இருக்கின்றன. ஆதார் பதிவின்போதே விரல் இல்லாதவர்களுக்கு, ரேகை பதியாதவர்களுக்கு விதிவிலக்குப் பதிவு உண்டு. கருவிழி, முகம், ஓடிபி ஆகியவற்றாலும் அடையாளம் காட்டலாம். ரேஷனுக்கு நேரில் வர முடியாதவர்கள் தமக்குப் பதிலாக ஒருவரை நியமித்து எழுதிக் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஓய்வூதியர்கள் உயிர்வாழ்வுச் சான்றை முகம் காட்டியே கொடுக்கலாம். கடையில் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். "ரேகை பதியவில்லை, மாற்று வழி மறுக்கப்பட்டது" என்று தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காது கேளாதவர்களுக்கு இணையத்தில் என்ன பிரச்சினை? அவர்களுக்குக் கண் தெரியுமே?

இந்தக் கேள்வியை நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் வெள்ள எச்சரிக்கையை ஓர் அதிகாரி வீடியோவில் பேசி வெளியிடுகிறார், கீழே ஒரு வரி எழுத்து இல்லை, மூலையில் சைகைமொழி பெயர்ப்பாளரும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 42-ஆம் பிரிவு ஒலி விவரிப்பு, சைகைமொழி, எழுத்து வசனம் மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. புகார் எண்களும் பேசினால்தான் வேலை செய்கின்றன. முதல்வரின் உதவி எண்ணான 1100-ஐ அழைக்கச் சொல்வது பேச முடிந்தவருக்கு மட்டுமே சரி. முதல்வரின் முகவரித் தளத்தில் எழுத்தாகவும் மனு கொடுக்கலாம், நண்பர்களுக்கு அதைச் சொல்லுங்கள். இன்னொன்று: பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைமொழிதான் தாய்மொழி. நீண்ட அரசுத் தமிழ் அவர்களுக்கு இரண்டாம் மொழி. "மேற்படி பொருள் தொடர்பாக" என்று தொடங்கும் வாக்கியம் நமக்கே இரண்டாம் மொழி போலத்தான் இருக்கிறது.

உயிருள்ள ஆள்தானா என்று பார்க்க வங்கிச் செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. தனியார் நிறுவனங்களையும் சட்டம் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தும். அமிலத் தாக்குதலுக்கு ஆளாகிக் கண் சிமிட்ட முடியாத பிரக்யா பிரசூன் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன். மின்னணு அணுகல் என்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றார்கள். வாடிக்கையாளரை அறியும் நடைமுறைக்கு 20 கட்டளைகள் பிறப்பித்தார்கள். சிமிட்டலுக்கு மாற்று வேண்டும், பெருவிரல் ரேகையை ஏற்க வேண்டும், காகிதம் மூலம் செய்யும் வழி தொடர வேண்டும் என்பவை அவற்றில் சில. வங்கிக் கிளையில் "செயலியில்தான் செய்ய வேண்டும்" என்றால் இந்தத் தீர்ப்பின் பெயரையும் தேதியையும் சொல்லுங்கள். தேதி சொன்னால் குரல் மாறுகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

கல்லூரிப் பாடநூலை ஸ்கேன் செய்து மாற்றிக்கொண்டால் பதிப்புரிமை மீறலா?

இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்கான வடிவில் நூலை மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. 2014-இல், பார்வைக் குறையுள்ளோர் நூல்களைப் படிக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்ற நாடு இந்தியா. சுகம்ய புஸ்தகாலயா என்ற மின்னூலகம் 2016 முதல் இருக்கிறது. உறுப்பினராகிக் கேளுங்கள். தமிழ்ப் பாடநூல்களுக்கு இன்னும் நண்பர்களின் கையுதவிதான் அதிகம் தேவைப்படுகிறது.

அரசு திறன்பேசி தருகிறதாமே?

ஆம். பார்வைத்திறன், செவித்திறன் குறையுடையோருக்குத் தக்க செயலியுடன் கூடிய திறன்பேசி வழங்கும் திட்டம் இருக்கிறது. தகுதி வரையறை உண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேளுங்கள். கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் பேசும்.

நான் ஆம்பூர். என் பழைய அடையாள அட்டையில் வேலூர் மாவட்டம் என்று இருக்கிறது. எங்கே போவது?

திருப்பத்தூர். 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரிலும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டையிலும் சேர்ந்தன. இணையப் படிவத்தில் இப்போதைய மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? இவ்வளவு சிலருக்காகத் தளத்தையே மாற்ற வேண்டுமா?

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 11,79,963 பேர். அப்போது எண்ணியது 8 வகைகளை மட்டும், இப்போது சட்டத்தில் 21. ஆனால் எண்ணிக்கையை வைத்து வாதிட எனக்கு விருப்பமில்லை. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். அவர் உழைப்பால் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. அன்று யாரும் தலை எண்ணிப் பார்த்திருந்தால் அந்தக் கட்டடம் எழுந்திருக்காது.

நான் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் கணினி இயக்குபவர். மேலிடம் பணம் ஒதுக்கவில்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

இப்படி ஒருவர் கேட்டதே எனக்கு மகிழ்ச்சி. பணம் வேண்டாத வேலைகளே அதிகம். ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள், தமிழ்99 விசைப்பலகை சில நாளில் கைக்கு வந்துவிடும். தலைப்பைப் பெரிதாக்கித் தடிப்பாக்குவதோடு நிறுத்தாமல், மென்பொருளில் "தலைப்பு" என்று இருக்கும் பாணியையே தேர்ந்தெடுங்கள். நான் எச் விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவேன், தடித்த எழுத்து எனக்குத் தெரியாது. படம் போட்டால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி மாற்றுரை எழுதுங்கள். "படம் 1" என்று எழுதுவது விளக்கமாகாது. வெளிர் மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டாம், எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு இருக்க வேண்டும். தளத்தைச் செய்து கொடுத்தவரிடம், பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்திருக்கிறாரா என்று கேளுங்கள். குறிக்காவிட்டால் சில திரைவாசிப்பான்கள் தமிழை ஆங்கிலக் குரலிடம் கொடுத்துவிடும், கொலைதான்.

சோதனைக்கு ஒரே வழி சொல்கிறேன். சுட்டியைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் கொண்டு உங்கள் தளத்தில் ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ, அங்கேதான் நாங்களும் நிற்கிறோம்.

யாரிடம் புகார் செய்வது?

முதலில் தளத்தை நடத்தும் துறைக்கே எழுதுங்கள். பக்கத்தின் அடியில் பொறுப்பாளரின் மின்னஞ்சல் இருக்கும். பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள். ஒப்புகை எண் வாங்காமல் திரும்பாதீர்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். அவருக்குச் சாட்சிகளை அழைப்பதிலும் ஆவணங்களைக் கேட்பதிலும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால் துறை மூன்று மாதத்துக்குள் செய்ததைச் சொல்ல வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் என்று 89-ஆம் பிரிவு சொல்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தை மறக்காதீர்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இந்தத் தளத்துக்கு அணுகல் தணிக்கை நடந்ததா, எப்போது, அறிக்கை எங்கே என்று கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 7(4) பிரிவு, புலன் குறைபாடு உள்ளவருக்குத் தகவலை அணுகப் பொதுத் தகவல் அலுவலரே உதவ வேண்டும் என்கிறது. எனவே பதிலை ஒருங்குறிக் கோப்பாகக் கேளுங்கள். ஒருமுறை எனக்குக் கையால் எழுதிய பதில் வந்தது. மேல்முறையீட்டில் தட்டச்சுப் பிரதி கிடைத்தது.

மனு எழுத ஒரு மாதிரி கிடைக்குமா?

நான் எழுதியதில் பெயர், துறை நீக்கித் தருகிறேன். உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். "சிரமமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பக்கம், எந்தப் பொத்தான், என்ன நடந்தது என்று எழுதினால்தான் தொழில்நுட்பப் பிரிவு வரை அது போய்ச் சேரும்.

"ஐயா / அம்மா, வணக்கம். நான் பார்வை மாற்றுத்திறனாளி. தனித்துவ அடையாள அட்டை நகலை இணைத்துள்ளேன். தங்கள் துறையின் இணையதளத்தில், இந்தத் தேதியில், விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். மூன்றாவது புலத்துக்குப் பெயர்க்குறி இல்லாததால் திரைவாசிப்பான் 'திருத்துக' என்று மட்டும் சொல்கிறது. அங்கே பெயரை எழுதுவதா, தேதியை எழுதுவதா என்று தெரியவில்லை. கேப்ட்சாவுக்கு ஒலி வடிவம் இல்லை. பதிவிறக்கிய விதிமுறைக் கோப்பு ஸ்கேன் செய்த படமாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 42-ஆம் பிரிவின்படி இவற்றைச் சரிசெய்து தரவும், அதுவரை விதிமுறையின் தட்டச்சுக் கோப்பை ஒருங்குறியில் எனக்கு மின்னஞ்சலில் அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்குவதால், என் விண்ணப்பத்தை நேரில் காகிதத்தில் பெற்றுக்கொண்டு ஒப்புகை தரும்படியும் வேண்டுகிறேன்."